சின்ன அணியாக உறுப்பினர் தளம் கட்டியவர்கள்: இன்னும் மனத்தை அரிக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஆற்றோரம்

சொந்தமாக எழுதிய தளம், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், நாங்கள் மூன்று பேர். எங்கள் மட்டுறுத்துநர் பெயரில் ஒரு புது உறுப்பினருக்குத் தனிமடல் போயிருக்கிறது: உங்கள் பதிவுகளுக்குத் தரமில்லை, நீங்களே அழித்துவிட்டுப் போய்விடுங்கள் என்று. மட்டுறுத்துநர் நான் அனுப்பவே இல்லை என்கிறார். கடவுச்சொல் திருடு போயிருக்கும் என்று மாற்றச் சொன்னோம். மாற்றிய பிறகும் இன்னொருவருக்கு அதே மாதிரி மடல்.

அப்புறம்தான் டேட்டாபேஸில் அந்தப் பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடினேன். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அதே பெயர் இரண்டு முறை வந்து நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். நீளத்தைக் கேட்டால் மட்டும் ஒன்றில் ஒரு குறியீடு கூடுதல். பெயரில் ஒரு 'கொ' இருந்தது. உண்மையான கணக்கில் அது கணினிக்குள் க, ொ என்று இரண்டு குறியீடு. போலியில் க, ெ, ா என்று மூன்று. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரே பெயர் இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு பெயர்.

சேமிக்கும் முன் பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்து நிற்கும் குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் முறை) மாற்றினால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. அன்று மாலையே சேர்த்துவிட்டோம். ஆனால் அந்தப் புது உறுப்பினர் தன் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விட்டார். நடந்ததை விளக்கி அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. நன்றாக எழுதக்கூடியவர்.

நீலத்தும்பி

எங்களுடையது வேறு மாதிரி. ஒரு மட்டுறுத்துநர் தன் உலாவியில், பக்கத்தில் இருக்கும் இணைப்புகளை முன்கூட்டியே இழுத்து வைக்கும் நீட்சி ஒன்றைப் போட்டிருந்தார். எங்கள் தளத்தில் 'நீக்கு' என்பது பொத்தான் இல்லை, சாதாரண இணைப்பு. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்: நீட்சி அந்த இணைப்புகளையும் இழுத்தது, தளம் அதை 'நீக்கு' என்று அழுத்தியதாகவே எடுத்துக்கொண்டது.

நான் பார்த்தது இதுதான்: முதல் பக்கத்தைப் புதுப்பிக்கிறேன், மேலே இருந்த பதிவு இல்லை. மறுபடி புதுப்பிக்கிறேன், அடுத்ததும் இல்லை. யாரோ மேலிருந்து வரிசையாக அழித்துக்கொண்டே வருகிறார்கள் என்று பதறி அந்த மட்டுறுத்துநருக்கே போன் செய்தேன். அவர் "இதோ பார்க்கிறேன்" என்று இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கமும் போனது.

2005இல், இதே போல இணைப்புகளை முன்கூட்டியே இழுக்கும் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் வந்த சமயத்தில் வேறு தளங்களிலும் இதே நடந்திருக்கிறது. எதையாவது மாற்றும், அழிக்கும் வேலை கெட் கோரிக்கையில், அதாவது இணைப்பைத் திறந்தாலே உலாவி அனுப்பும் கோரிக்கையில், இருக்கவே கூடாது. எங்கள் நல்ல காலம், பதிவுகள் நிஜமாக அழியவில்லை, அழிந்ததாகக் குறி மட்டும் விழுந்திருந்தது. மீட்டுவிட்டோம். ஆனாலும் அந்தப் போன் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

கல்தூண்

மேலே இருக்கும் இரண்டையும் படித்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. ஏன் சொந்தமாக எழுதுகிறீர்கள்? தயாராகக் கிடைக்கும் மன்ற மென்பொருள்களில் பிஎச்பிபிபி 2000-இலிருந்து இருக்கிறது, டிஸ்கோர்ஸ் 2013-இலிருந்து இருக்கிறது. 'நீக்கு' எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர்கள் எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள்.

என் கதை சின்னது. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறினோம். பழையதில் கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய முறையில் ஹாஷாக (கடவுச்சொல்லை நேராகத் திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றிய குறியீடாக) இருந்தன. எல்லோரும் புதுக் கடவுச்சொல் வைக்கட்டும் என்று அணியில் முடிவெடுத்து மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு அது ஸ்பேமில் விழுந்தது. தளம் திறந்த அன்று உள்ளே வந்தவர்கள் நாங்களும் எங்கள் நண்பர்களும்தான்.

இப்போது செய்பவர்களுக்குச் சொல்கிறேன். மின்னஞ்சலே அனுப்ப வேண்டாம். உறுப்பினர் உள்ளே வரும்போது பழைய முறையில் சரிபார்த்து, சரியாக இருந்தால் அந்த நொடியே இன்னும் பாதுகாப்பான பிகிரிப்ட் முறையில் ஹாஷ் செய்து பழையதை அழித்துவிடுங்கள். அவருக்கு ஒன்றும் தெரியவே வேண்டாம். நீண்ட நாள் வராதவர்களுக்கு மட்டும் கடைசியில் மீட்பு இணைப்பு போதும். அதற்கு முன் உங்கள் டொமைனின் (தள முகவரிப் பெயரின்) டிஎன்எஸ் பதிவுகளில், மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் சரிசெய்யுங்கள். ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றுமே கட்டாயம். நீங்கள் அவ்வளவு அனுப்பாவிட்டாலும் போடுங்கள். அப்புறம் பேக்கப். எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சு வராது. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்தார். பேக்கப்புக்காக வைத்திருந்த பல வழிகள் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அவ்வளவு ஆட்கள் இருந்த இடத்திலேயே அப்படி. மூன்று பேர் இருக்கும் இடத்தில் மாதம் ஒரு முறையாவது பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றித் திறந்து பார்த்துவிடுங்கள்.

வெயில்

ஆற்றோரம், என்எஃப்சி போட்டதோடு நிற்காதீர்கள். 'க' என்ற எழுத்தும் '௧' என்ற தமிழ் எண்ணும் கண்ணுக்கு ஒன்றுதான். உ, ௨ அப்படியே. எ, ௭ அப்படியே. இவற்றை என்எஃப்சி தொடாது. எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாமல் நிற்கும், அகலமே இல்லாத இணைப்பான் குறியீடுகளையும் விட்டுவிடும். எங்களிடம் ஒருவர் '௧' வைத்துத்தான் வந்தார். பெயர்களில் தமிழ் எண்களைத் தடுத்தோம், அகலமில்லாத குறியீடுகளை நீக்கினோம். ஒன்று போல் தோன்றும் எழுத்துகளுக்கு யூனிகோடின் 39-ஆம் தொழில்நுட்பத் தரத்தோடு ஒரு பட்டியலே வருகிறது, அதையும் பாருங்கள்.

ஆற்றோரம்

௧ நினைவிலேயே இல்லை. இன்று இரவே பழைய பெயர்களை அலசிப் பார்க்கிறேன். நன்றி.

கல்தூண், சொந்தமாக எழுதியதால் வந்த வினை என்று சொல்வது சரியில்லை. எங்களுக்கு வேண்டிய குழு அனுமதி முறை அன்று கிடைத்த எதிலும் இல்லை. பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தோம்.

மண்வாசல்

எங்கள் கதையில் நிரலே கிடையாது. அணியில் மூத்தவர் வேறு வேலைக்குப் போனார். சண்டை எதுவும் இல்லை, சிரித்துக்கொண்டே போனார். டொமைன் அவர் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அந்த மின்னஞ்சலை அவர் பார்ப்பதையே விட்டிருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஒரு காலையில் முகவரியைத் தட்டினால் எங்கள் பெயருக்குக் கீழே வரிசையாக விளம்பரங்கள். சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, தரவு பத்திரமாக இருக்கிறது, யாராலும் வர முடியவில்லை. பதிவு நிறுவனமோ, உரிமையாளர் நீங்கள் இல்லை, உங்களிடம் பேச முடியாது என்றுவிட்டது. அவர்கள் பக்கத்தில் அது நியாயம்தான். உறுப்பினர்களோ நாங்கள் தளத்தை விற்றுவிட்டோம் என்று நினைத்தார்கள். வருடக்கணக்காக எழுதிய ஒரு பெரியவர் "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டார்.

காலாவதியான டாட் காம் பெயர், பதிவு நிறுவனம் அதை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலத்தில் இருக்கும், கூடுதல் கட்டணம் கட்டினால் பழைய உரிமையாளருக்கே கிடைக்கும். மூத்தவரைத் தேடிப் பிடித்தபோது அந்தக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவரே உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார்.

கல்தூண்

டாட் காம் என்றால் 10 வருடம் வரை மொத்தமாகக் கட்டி வைக்கலாம். கட்டிவிடுங்கள்.

மண்வாசல்

கட்டிவிட்டோம். பதிவு இப்போது அணியின் பொது மின்னஞ்சலில் இருக்கிறது. அந்த மின்னஞ்சல் வேறொரு டொமைனில். இதே டொமைனில் வைத்தால் பெயர் போகும் நாளில் மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும்.