தண்ணி 33 அடியில: பெரிய மெசின் வாங்கினா இழுக்குமோ?

மிளகாய்த்தோட்டம் (ஒட்டுசுட்டான்)
மாரியில எங்கட கிணத்துத் தண்ணி வாளிக்கு எட்டும். இப்ப ஆவணி, கட்டில இருந்து 33 அடி கீழ போட்டுது. தண்ணி இறைக்கிற மெசின் கிணத்துக் கட்டிலதான் நிக்குது, 2 இஞ்சிப் பைப். புட் வால்வ் (பைப் அடியில தண்ணி திரும்பிப் போகாமப் பிடிக்கிறது) புதுசு, தண்ணி நிரப்பித்தான் ஸ்டார்ட் பண்ணுறன். கொஞ்சம் கக்கிப்போட்டு நிண்டிடுது. கடையில "குதிரைவலு கூட எடுங்கோ, வெற்றிடம் கூடும், நல்லா இழுக்கும்" எண்டுகினம். உண்மையோ?

பம்ப்திருத்துறவன் (கிளிநொச்சி)
தம்பி, காசை வீட்டில வையுங்கோ. வெற்றிடம் ஒண்டையும் இழுக்கிறேல்லை. கிணத்துத் தண்ணிக்கு மேல காத்து ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலயும் ஏறக்குறைய 1 கிலோ பாரமா அமத்திக்கொண்டு நிக்குது. மெசின் பைப்புக்குள்ள அமுக்கத்தைக் குறைக்குது, அவ்வளவுதான். தண்ணியை மேல தள்ளுறது வெளிக்காத்து. அது தாங்கிற தண்ணித் தூண் 10.3 மீற்றர், 34 அடி. உள்ளுக்கு அமுக்கம் பூச்சியமானாப் பிறகு அதுக்குக் கீழ போக இடமில்லை. 5 குதிரைவலுவுக்கும் 50க்கும் அதே பூச்சியம்தான்.

33 அடி 34க்குள்ளதானே எண்டு கேப்பியள். 30 பாகைத் தண்ணி அமுக்கம் குறைஞ்சா தானா ஆவியாகும், அதில ஒண்டரை அடி போச்சு. பைப் உராய்வு, வால்வ், வளைவு எல்லாம் மிச்சத்தைத் திண்டிடும். 20–25 அடிக்கு மேல நான் ஆருக்கும் உறுதி சொல்லுறேல்லை. பம்ப் கூட்டுக்குள்ள கல்லுக் குலுக்கின மாதிரிச் சத்தம் வந்தா உடன நிப்பாட்டுங்கோ. ஆவிக் குமிழி உடையிறது, உள்ளுக்குச் சுழலுற இம்பெல்லரை அரிச்சுப்போடும்.

நம்பிக்கை இல்லையெண்டா சக்சன் (தண்ணி உள்ள வாற) பக்கம், டெலிவரிக்கு (தண்ணி வெளிய போக) போடுற மடியிற பைப்பைக் கொழுவிப் பாருங்கோ. சப்பையா ஒட்டிப்போகும். வெளிக்காத்து நசிக்கிறதுதான். அதுக்குத்தானே கம்பிச் சுருள் வச்ச பைப் விக்கினம்.

விஞ்ஞான ரீச்சர் (வவுனியா)
அண்ணை சொன்னது சரி. 1643இல இத்தாலி விஞ்ஞானி தொரிசெல்லியின்ர பரிசோதனையில இரசம் (பாதரசம்) குழாய்க்குள்ள 76 சென்ரிமீற்றரில நிண்டிட்டுது. இரசம் தண்ணியை விட 13.6 மடங்கு பாரம். பெருக்கினா அதே 10.3 மீற்றர். நுவரெலியாவில இன்னும் மோசம். 1,868 மீற்றர் உயரத்தில காத்தமுக்கம் ஐஞ்சில நாலு பங்குதான், 8 மீற்றர் சொச்சத்தோட கணக்கு முடியும்.

மிளகாய்த்தோட்டம்
அப்ப கிணத்துக்குள்ள பலகை கட்டி மெசினைத் தண்ணிக்குக் கிட்ட இறக்கட்டோ அண்ணை?

பம்ப்திருத்துறவன்
எண்ணெய் மெசினை இறக்கவே கூடாது! புகையில வாற காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. கிணத்துக்குள்ள தங்கி நிண்டு, வால்வ் பாக்க இறங்கிற ஆளைக் கொண்டுபோடும். கரண்ட் இருந்தா தண்ணிக்குள்ள தாழ்க்கிற மோட்டர் எடுங்கோ. அது அடியில இருந்து தள்ளுறது, அதுக்கு இந்த 34 அடிக் கணக்கு இல்லை. குதிரைவலு அங்கதான் உதவும்.

மிளகாய்த்தோட்டம்
கரண்ட் வீட்டடியில இருக்கு, தோட்டம் கொஞ்சம் தள்ளி. என்ன வயர் போட?

பம்ப்திருத்துறவன்
தூரத்தை அளந்து போடுங்கோ, சொல்லுறன். மெல்லிசு வயர் வேண்டாம். வோல்ற்றேஜ் விழுந்து மோட்டர் சூடேறும்.