பினாங்கில் பிள்ளைக்கு முதல் சோறு: ராகியோடு நிறுத்திவிடாதீர்கள்

மலேசியாவுக்குப் புதிதாக வரப்போகும் அம்மாக்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஆறு மாசம் ஆகப் போகுது, ராகி மாவெல்லாம் அங்கே கிடைக்குமா?" கிடைக்கும். பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நம் மளிகைக் கடைகள் இருக்கின்றன. பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டாம். ஆனால் இந்த ஊர்ச் சாப்பாட்டின் வாசனையும் பிள்ளைக்குச் சேரட்டும்.

என் மகளுக்கு முதல் ஒரு மாதம் ராகிக் கூழும் பருப்புச் சோறும்தான். ஒருநாள் எதிர்வீட்டுச் சீன ஆண்ட்டி பேரனுக்கு ஊட்டும்போது நாங்களும் அங்கே இருந்தோம். குழைய வெந்த அரிசிக் கஞ்சி. பக்கத்தில், மெல்லிசாக அரிந்த இஞ்சியைத் தூவி ஆவியில் வேகவைத்த வாவல் மீன். ஆண்ட்டி இஞ்சியை ஒதுக்கிவிட்டு, மீனை விரலால் நசுக்கி நசுக்கி முள் பார்த்தார். கஞ்சியில் துளி கலந்து என் மகளுக்கும் நீட்டினார். முகத்தைச் சுளித்து நாக்கால் வெளியே தள்ளினாள். அப்புறம் கரண்டியை எட்டிப் பிடித்தாள்.

முகம் சுளித்ததுமே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு புதுச் சுவை பழக எட்டு, பத்து தடவைகூட ஆகும். இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு வாய் கொடுங்கள், வற்புறுத்தாமல்.

வாசனை வேறு, காரம் வேறு. எலுமிச்சைப் புல்லை இங்கே செராய் என்பார்கள். அதைத் தட்டிக் கஞ்சியில் போட்டு, வெந்ததும் எடுத்துவிடலாம். பரங்கிக்காயைப் பாண்டான் என்ற வாசனை இலையோடு வேகவைத்து மசித்தால் அப்படி ஒரு மணம். சோயாவில் செய்யும் தெம்பே, தௌஃபு (டோஃபு) இரண்டும் மசிக்கச் சுலபம்.

உப்பில்தான் கவனம் வேண்டும். ஒரு வயது வரை சாப்பாட்டில் உப்பு சேர்க்கக் கூடாது. அதனால் கிச்சாப் (சோயா சாஸ்), பெலாச்சான் (இறால் விழுது), கடைக் கஞ்சி எதுவும் வேண்டாம். நெத்திலிக் கருவாடு உப்பில் அவித்துக் காயவைத்தது என்று தெரியாமல், நானே இரண்டு நாள் பொடித்துப் போட்டுவிட்டேன். கீழ்வீட்டு மக்சிக் (மலாய் ஆண்ட்டி) சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். ஊரிலிருந்து பாட்டி சேனை வைக்கச் சொன்னாலும் ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைப்பிள்ளைக்கு உயிராபத்தாகிவிடும்.

வேர்க்கடலைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. 4 முதல் 11 மாதத்துக்குள் கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு, கடலையைத் தவிர்த்தவர்களைவிட ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்திருந்தது. உப்பில்லாத கடலையை நைசாகப் பொடித்து, கஞ்சியில் கரைத்துப் பகல் நேரத்தில் கொடுங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், கொடுக்கவே கூடாது. தோலில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால், முதலில் டாக்டரைக் கேளுங்கள். புதுச் சாப்பாடு எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்றுதான்.

மகளுக்கு ஒரு வயது தாண்டியபின் வந்த நோன்பு மாதத்தில் மக்சிக் வீட்டிலிருந்து பூபூர் லம்புக் என்ற மலாய்க் கஞ்சி வந்தது. தேங்காய்ப்பாலும் பட்டை கிராம்பு வாசனையுமாக, நம் ஊர் நோன்புக் கஞ்சிக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தது. ஒரு சின்னக் கிண்ணம் கொடுத்தேன். முடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டி, "லாகி" என்றாள். மலாயில் "இன்னும்" என்று அர்த்தம்.