பங்குனி வெயிலும் முகப்பருவும்: கழுவக் கழுவக் கூடுகிறதே, ஏன்?

கேள்வி: பேட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. பேட்டையிலிருந்து பாளையங்கோட்டையில் உள்ள பள்ளிக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் சென்று வருகிறேன். வெயிலுக்கும் புழுதிக்கும் பயந்து, கண் மட்டும் தெரியும்படி ஷாலை முகத்தில் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ஹெல்மெட் அணிவது வழக்கம். சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஷால் நனைந்து தாடையோடு ஒட்டிக்கொள்ளும். மாசி வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த பருக்கள், பங்குனி பிறந்ததிலிருந்து தாடை ஓரத்திலும் நெற்றியிலும் கூட்டமாகக் கிளம்பிவிட்டன.

எண்ணெய் வழிவதைப் பொறுக்க முடியாமல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். கழுவியவுடன் தோல் இழுத்துப் பிடிக்கிறது. சற்று நேரத்தில் மீண்டும் பளபளக்கிறது. எலுமிச்சம்பழச் சாறு தடவிப் பார்த்ததில் எரிச்சல்தான் மிச்சம். "எல்லாம் உடம்புச் சூடு, வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி" என்கிறார் அம்மா. இதற்கிடையே, தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன். மூன்றே நாளில் சிவப்பு அடங்கி முகம் தெளிந்தது. மூன்று வாரம் கழித்து இப்போது முன்பைவிட மோசமாகப் பொரிந்திருப்பதோடு, வெயிலில் நின்றாலே முகம் காந்துகிறது. இந்தக் கோடையைக் கடக்க நான் என்ன செய்ய வேண்டும்? சன்ஸ்கிரீன் பூசினால் பரு கூடும் என்பது உண்மையா?

பதில்: பெருமாள்புரம் தோல் மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்தக் கிரீம் டியூபை எடுத்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துக் கலவையைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மூன்று நாளில் தெளிந்து மூன்று வாரத்தில் பொரிந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் எழுந்த சந்தேகம் அதுதான். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும். ஆனால் தோலின் துளை அடைபடுவதைத் தடுக்காது. தொடர்ந்து பூசினால் அதுவே புதிய பருக்களை உண்டாக்கும், தோலை மெலியச் செய்யும், முகத்தில் முடியும் வளரும். நிறுத்தினால் சில நாள்களுக்குச் சிவந்து எரியும் என்பதால் பலரும் பயந்து மீண்டும் அதையே பூசிவிடுகிறார்கள். அந்தச் சுழலில் ஒருமுறை சிக்கினால் வெளியே வர மாதங்கள் ஆகும். ஆகவே ஸ்டீராய்டு என்று தெரிந்தால், நீங்களாக எதையும் செய்யாமல் நேரில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. டியூபை மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.

இனி வெயிலைப் பற்றி. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் ஊறும் எண்ணெய் மயிர்க்கால் துளை வழியே வெளியேற வேண்டும். உதிரும் செல்கள் அந்தத் துளையின் வாயை அடைத்துக்கொள்ளும்போது, உள்ளே தேங்கும் எண்ணெயில் கிருமிகள் பெருகி வீக்கம் உண்டாகிறது. வெப்பம் கூடினால் எண்ணெய் தளர்ந்து அதிகம் வழியும். வியர்வையில் ஊறிய மேல்தோல் உப்பித் துளை வாய் மேலும் குறுகும். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருந்த படைவீரர்களுக்கு, முதுகுப்பை அழுத்தும் இடங்களில் கடுமையான பருக்கள் தோன்றின. வெப்பம், வியர்வை, உராய்வு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்ததன் விளைவு அது. உங்கள் தாடை ஓரத்தில் ஹெல்மெட் பட்டையும் ஈர ஷாலும் செய்வதும் அதே வேலைதான்.

ஷாலை விட்டுவிடச் சொல்லவில்லை. மெல்லிய பருத்தித் துணியாகத் தளர்வாகச் சுற்றுங்கள். பையில் இன்னொன்றை வைத்துக்கொண்டு, காலையில் நனைந்ததை மாலையில் மீண்டும் சுற்றாதீர்கள். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்ற முடியுமானால் வாரம் ஒருமுறை துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பள்ளிக்குச் சென்றவுடன் வெறும் தண்ணீரில் முகத்தை அலசி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். சோப்பைக் கைவிட்டு மென்மையான பேஸ்வாஷுக்கு மாறுங்கள்; அதுவும் காலையும் இரவும் இரண்டே முறை. ஆறு முறை சோப்புப் போடுவதால் சுரப்பிகளை அடக்க முடியாது. தோலின் மேலுறைதான் புண்படும். எலுமிச்சைச் சாறு வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கருக்கிவிடும், வேண்டாம்.

சன்ஸ்கிரீன் கட்டாயம் தேவை. நம் நிறத்துத் தோலில் பரு ஆறிய இடத்தில் கருமை தங்குவது இயல்பு. வெயில் பட்டால் அது மாதக்கணக்கில் மறையாது. பிசுபிசுக்கும் கிரீம் வகையைத் தவிர்த்து, எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30க்குக் குறையாத ஜெல் வகையாக, துளை அடைக்காதது என்று உறையில் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மருந்துகளில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லும், இரவில் பூசும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லும் பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால் உங்கள் தோல் இப்போது காந்திக்கொண்டிருப்பதால், அது ஆறும் முன் இவற்றைத் தொடங்கினால் எரிச்சல் கூடும். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கு அடாபலீன் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில்: திசையன்விளை இல்லத்தரசி

தங்கச்சி, டாக்டர் எழுதியதற்குப் பிறகு நான் சொல்ல அதிகமில்லை. அம்மா சொல்லும் எண்ணெய்க் குளியலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் மகன் தேங்காய் எண்ணெயை நெற்றியில் வழிய வழியத் தேய்த்துப் படிய வாரிக்கொண்டு பள்ளிக்குப் போவான். முடியோரத்தில் அரிசி தூவியது போலச் சின்னச் சின்னப் பருக்கள்; கன்னத்தில் ஒன்றுகூட இல்லை. எண்ணெயை இரவில் உச்சியில் மட்டும் வைத்து, காலையில் அலசச் சொன்னேன். தலையணை உறையையும் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். இரண்டு மாதத்தில் நெற்றி தெளிந்துவிட்டது.

எங்கள் பக்கம் நுங்கு வெட்டும் காலத்தில், முகத்தில் எது வந்தாலும் நுங்குத் தண்ணீரைத் தடவிவிடுவார்கள். கழுத்திலும் முதுகிலும் முள்முள்ளாய்க் கிளம்பும் வேர்க்குருவுக்கு அது இதமாக இருக்கும், நானே தடவியிருக்கிறேன். ஆனால் வேர்க்குரு என்பது வியர்வை வழி அடைபடுவது. முகப்பரு எண்ணெய் வழி அடைபடுவது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நுங்கைப் பருவில் அப்பி, பிசுக்கோடு விட்டுவிடாதீர்கள். நுங்கை நன்றாகச் சாப்பிடுங்கள், அது வேறு.

பதில்: அம்பாசமுத்திரம் விற்பனைப் பிரதிநிதி

நானும் நாள் முழுவதும் ஹெல்மெட்டோடு அலைபவன். நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில், ஒரே மாதிரி வந்த சிறு பொரிகளைப் பரு என்று நினைத்து ஓராண்டு மருந்து பூசினேன். சாயங்காலமானால் தாங்க முடியாத அரிப்பு. பரு பொதுவாக அப்படி அரிக்காது என்று கூறிய மருத்துவர், மயிர்க்காலில் வளரும் ஒருவகைப் பூஞ்சையே காரணம் என்று பார்த்துவிட்டு, பூஞ்சைக்கான மருந்தைக் கொடுத்தார். சில வாரங்களில் அடங்கியது. உங்களுக்கும் அரிப்பு இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பேட்டை ஆசிரியை

மிக்க நன்றி. டியூபைப் பார்த்தேன், டாக்டர் ஊகித்தபடியே குளோபீட்டசால் என்று இருக்கிறது, கூடவே இரண்டு மருந்துகளின் பெயர்கள். அரிப்பு இல்லை, அண்ணாச்சி. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லவிருக்கிறேன். பென்சாயில் பெராக்சைடு எழுதிக் கொடுத்தால் எவ்வளவு நாள் பூச வேண்டியிருக்கும்?

பெருமாள்புரம் தோல் மருத்துவர்

எந்தப் பரு மருந்தானாலும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் தெளியவில்லை என்று மருந்தை மாற்றிவிடாதீர்கள். இன்னொன்று: பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். பூசும் நாள்களில் வெள்ளைத் துண்டையும் வெள்ளைத் தலையணை உறையையுமே பயன்படுத்துங்கள்.