கம்பி நுனி கன்னத்தைக் குத்துகிறது, டாக்டர் வர இன்னும் ஒன்பது நாள். அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

மண்டபத்து அம்மா (சனி, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 14 வயது. மேல்பல், கீழ்ப்பல் இரண்டுக்கும் கம்பி போட்டு எட்டு மாதம் ஆகிறது. ராமநாதபுரத்தில் ஒரு கிளினிக்குக்கு மதுரையிலிருந்து மாதம் ஒரு நாள் வரும் கம்பி டாக்டர்தான் பார்க்கிறார். என் வீட்டுக்காரருக்கு விசைப்படகில் தொழில். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், கையில் காசு இல்லை. அதனால் மே மாதம் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டேன். அந்தத் தப்புதான் இப்போது பிள்ளையை வாட்டுகிறது.

வலப்பக்கம் மேலே, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் மிளகு அளவுக்கு வெள்ளையாகப் புண், சுற்றிலும் சிவப்பு. நுனியைத் தொட்டால் தூண்டில் முள் மாதிரி சுருக்கென்று இருக்கிறது. மத்தியானத்திலிருந்து அவள் வாயைத் திறந்து பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. கீழே இடப்பக்கம் ஒரு பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) பல்லை விட்டுக் கழன்று, கம்பியிலேயே சுழல்கிறது. நேற்று தோழி வீட்டில் தொதல் சாப்பிட்டாளாம்.

அவள் அப்பா குறடால் நறுக்கிவிடலாம் என்கிறார். மாமியார் கிராம்பு எண்ணெய் வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி, உடனே ஒட்டும் பசை ஒரு சொட்டு போதும் என்கிறான். எதைச் செய்வது? இன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினால் போதும்.

கீழக்கரை மாணவி (இரவு 9:58)

அக்கா, மூன்றையும் செய்ய வேண்டாம். முதலில், கம்பி போட்ட அன்று கிளினிக்கில் ஒரு சின்ன டப்பா கொடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். நீளநீளமாக வெள்ளை மெழுகு இருக்கும். எனக்குக் கம்பி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, என்னை அதிகம் காப்பாற்றியது அந்த மெழுகுதான்.

ஒட்டும் விதம் முக்கியம். ஈரத்தில் நிற்காது. முதலில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பிறகு சுத்தமான டிஷ்யூவால் அந்த இடத்தை ஒற்றி எடுங்கள். பட்டாணி அளவு மெழுகைக் கிள்ளி, விரல் சூட்டில் உருட்டினால் இளகும். நுனி மேல் வைத்து, கம்பியின் மேலும் கீழும் படும்படி அழுத்தி விடுங்கள். சும்மா மேலே தொட்டு வைத்தால் பத்து நிமிஷத்தில் விழுந்துவிடும். சாப்பிடும் முன் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வையுங்கள். தூக்கத்தில் விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

தொதலைப் பற்றி அவளைத் திட்டாதீர்கள் அக்கா. எங்கள் ஊர்ப் பலகாரம், எனக்கும் முதல் பிராக்கெட் அதில்தான் போனது. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய பிசின், பல்லோடு இழுத்துக்கொண்டு வரும். கம்பி கழற்றும்வரை உம்மா என் கண்ணில் படாமல்தான் வைக்கிறார்.

தொண்டி பல் மருத்துவர் (இரவு 10:20)

மெழுகு பற்றிச் சொன்னது சரி. அதற்கு முன் ஒன்று முயன்று பாருங்கள். புதுப் பென்சிலின் ரப்பர் முனையைக் கழுவி, நீட்டிய நுனியைப் பல் பக்கமாக மெதுவாக மடக்கப் பாருங்கள். பிராக்கெட்டோடு கட்டும் மெல்லிய கட்டுக்கம்பி என்றால் மடங்கிவிடும். நீங்கள் சொல்வது கடைசிப் பல்லில் ஒட்டிய சின்னக் குழாய்க்குள்ளிருந்து வரும் முதன்மைக் கம்பி. அது மடங்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஓங்கி அழுத்தினால் கை வழுக்கி ஈறைக் கிழிக்கும்.

அது ஏன் நீள்கிறது என்றால், பற்களுக்கு இடையே இருந்த இடைவெளி மூட மூட, மிஞ்சிய கம்பி பின்பக்கமாகத் தள்ளப்படும். வைத்தியம் வேலை செய்கிறது என்பதன் அடையாளம் அது. மாதாமாதம் வருவோருக்கும் நடக்கும். மே மாதம் போகாததால் மிச்சக் கம்பியை யாரும் வெட்டவில்லை, அவ்வளவுதான். அதற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

குறடு வேண்டாம். நாங்கள் வைத்திருக்கும் கட்டர், வெட்டிய துண்டைத் தன் வாயிலேயே பிடித்துக்கொள்ளும். குறடு துண்டைத் தொண்டைக்குள் தெறிக்க விடும். எப்போதாவது துண்டை விழுங்கி, இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பசை கூடவே கூடாது. அது வாய்க்குள் போடும் பொருளே இல்லை, சதையையும் சுடும். கழன்ற பிராக்கெட்டை இழுக்காதீர்கள். கம்பியிலேயே இருக்கட்டும், ஆடாமல் அதன் மேலும் மெழுகு வையுங்கள். தனியாக வந்துவிட்டால் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். அவள் மேலும் கீழும் ரப்பர் வளையம் மாட்டுபவள் என்றால், பிராக்கெட் கழன்ற பல்லில் மட்டும் மாட்ட வேண்டாம்.

இப்போது முக்கியமானது. ஒன்பது நாள் காத்திருக்கத் தேவையில்லை. பிராக்கெட்டை ஒட்டக் கம்பி டாக்டர் வரட்டும். நுனியை வெட்ட, அந்தக் கட்டர் வைத்திருக்கும் எந்தப் பல் மருத்துவரும் போதும், இரண்டு நிமிஷ வேலை. திங்கள் காலை அதே கிளினிக்குக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

மண்டபத்து அம்மா (இரவு 10:55)

டப்பா கிடைத்தது! பள்ளிக்கூடச் சான்றிதழ் வைத்திருக்கும் பையின் அடியில் கிடந்தது. இரண்டாவது முறைதான் ஒட்டியது. முதலில் டிஷ்யூ வைக்காமல் ஒட்டி விழுந்துவிட்டது. இப்போது நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, குத்தவில்லை என்றாள். ஆனால் புண் எரிகிறதாம். பாராசிட்டமால் 500 வீட்டில் இருக்கிறது, கொடுக்கலாமா? எடை 42 கிலோ. இப்போதைக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது?

தங்கச்சிமடம் ஓய்வுபெற்ற செவிலியர் (இரவு 11:10)

கொடுக்கலாம் தங்கச்சி. அந்த எடைக்கு ஒரு மாத்திரை சரி. ஆறு மணி நேர இடைவெளி விடு, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஈரல் கோளாறோ, பாராசிட்டமால் ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் கொடுக்காதே. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, அரை நிமிஷம் வாயில் வைத்துத் துப்பச் சொல். கிராம்பு எண்ணெயைப் புண்ணில் வைத்தால் பிள்ளை துடித்துப்போவாள், சதை வெந்துவிடும். மாமியாருக்கு மனசு கோணாமல், மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்துதரச் சொல். மெத்தென்று இருக்கும், பிள்ளை சாப்பிடுவாள்.

சாப்பாட்டுக்கு இட்லி, குழைந்த கஞ்சி, நுங்கு. மீன் இல்லாமல் நம்ம பிள்ளைகள் இருக்காது, அதனால் பாறை மீனை முள் எடுத்து உதிர்த்து, காரம் குறைத்துக் கொடு. சாளை வேண்டாம், சின்ன முள் பிராக்கெட்டில் மாட்டிக்கொண்டு வராது. கணவாயும் ரப்பர் மாதிரி இழுக்கும். நண்டுக்காலைப் பல்லால் உடைக்கவே கூடாது, உடைத்துச் சதையை எடுத்துக் கொடு.

புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ, காய்ச்சல், முகவீக்கம், சீழ் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய் திறக்க முடியாமல் போனாலும் அப்படித்தான். இவற்றைக் கண்டால் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதே.

கீழக்கரை மாணவி (இரவு 11:25)

ஒன்று விட்டுப்போச்சு அக்கா. மெழுகை அடுப்பு பக்கத்தில் வைக்காதீர்கள், இந்த வெயிலில் கூழாகிவிடும். அப்புறம் மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டால் பிராக்கெட்டில் மாட்டிய வெள்ளை ரப்பர்கள் மஞ்சளாகும். அதைப் பார்த்து அவள் அழுதால், அடுத்த முறை நீலம், பச்சை மாதிரி நிறத்தில் போடச் சொல்லுங்கள். பல்லுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வலிக்கிறது என்று பல் தேய்க்காமல் மட்டும் விடக் கூடாது. பிராக்கெட் ஓரத்தில் அழுக்கு நின்றால், கழற்றும்போது பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். என் தோழிக்கு அப்படி ஆனது, இன்னும் மறையவில்லை.

மண்டபத்து அம்மா (திங்கள், மாலை 6:15)

போய்விட்டு வந்தோம். காலையில் போன் போட்டதும், மதுரை டாக்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாங்க என்றார்கள். அங்கே தினமும் இருக்கும் டாக்டரம்மா வெட்டிவிட்டார். வெட்டிய துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். அரை அரிசி நீளம்கூட இல்லை. அதுவா இவ்வளவு பாடு படுத்தியது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிராக்கெட்டை மதுரை டாக்டர் வரும் அன்று ஒட்டிக்கொள்ளலாம் என்றார், அதுவரை மெழுகு. மே மாதம் வராததைச் சொன்னேன், யாரும் கோபப்படவில்லை. தடைக்காலத்தில் முடியாவிட்டால் போனிலாவது சொல்லுங்கள், எதைத் தள்ளிப்போடலாம், எது கூடாது என்று சொல்கிறோம் என்றார்.

பஸ்ஸில் உச்சிப்புளி தாண்டும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து மூன்று இட்லி சாப்பிட்டாள். வரும் வழியில் மெழுகு டப்பா இரண்டு வாங்கினேன், ஒன்று பள்ளிக்கூடப் பைக்கு. அவள் அப்பா குறடைப் படகுக்கே கொண்டுபோய்விட்டார்.