வரன் படிவத்தில் 'பிரிவு' என்று ஒரு கட்டம்: மகளுக்கு என்ன பதில் சொல்வது?

தாம்பரம் டீச்சர் கேட்கிறார்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு வயது 54, மகளுக்கு 26. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இருபது வருஷமாக ஓய்வுநாள் பாடசாலை எடுக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருக்கிறேன்.

போன மாதம் சபை அலுவலகத்தில் திருமணத் தகவல் படிவம் வாங்கிவந்தேன். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன தாள். பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, திடப்படுத்தல், சம்பளம், அதற்குக் கீழே 'பிரிவு'. மகளையே நிரப்பச் சொல்லிவிட்டு நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரிவுன்னா சி.எஸ்.ஐ., லுத்தரன்னு எந்தச் சபைங்கிறது, அதுவாம்மா?" என்றாள். "இல்லம்மா, நம்ம ஆளுங்க யாருன்னு கேக்காங்க" என்றேன். சாதியைத்தான் சொன்னேன். வாயிலிருந்து எவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது பாருங்கள்.

அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து வந்து அலமாரியிலிருந்து ஒரு நீல டிபன் பாக்ஸை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். மூன்றாம் வகுப்பில் கலாத்தியர் 3:28-ஐத் தப்பில்லாமல் ஒப்பித்ததற்கு நான் கையால் கொடுத்த பரிசு. மூடியில் கீறல் விழுந்த பிறகும் வைத்திருக்கிறாள். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லைன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. அது நிஜம்னா இந்தக் கட்டம் எதுக்கு?"

அன்றிலிருந்து ஆராதனைக்கு வருவதில்லை. ஞாயிறு காலையில் கூடவேலை செய்யும் பிள்ளைகளோடு பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இயேசுவை விடவில்லை, ராத்திரி ஜெபம் பண்ணுகிறாள், அது எனக்குத் தெரியும். சபை ஐயர் (போதகர்) விசாரிக்கிறார். வீட்டுக்காரர் "கட்டத்தை நிரப்பிக் கொடு, ஊரோடு ஒத்துப்போ" என்கிறார். நான் என்ன செய்ய?

நாசரேத் தாத்தா (ஓய்வுபெற்ற சபை ஊழியர்):

டீச்சரம்மா, பிள்ளையைக் கண்டிக்காதீங்க. எங்கள் பக்கம் அசனப் பண்டிகை, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து என்றால் பந்தல் போட்டு, பெரிய பெரிய வட்டாவில் சோறு வடித்து, வாளி வாளியாகக் கறிக்குழம்பு. வீட்டு வீட்டுக்குப் பிடி அரிசி எடுத்து வைத்ததும் அதில் சேரும். ஆனால் நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு சபையில் கீழத்தெரு ஜனங்கள் கடைசிப் பந்திக்குத்தான் உட்கார்ந்தார்கள். யாரும் சட்டம் போடவில்லை, பழக்கம் அப்படி. நானும் பரிமாறினேன், வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது நெஞ்சில் உறுத்துகிறது. உங்கள் மகள் 26 வயதிலேயே வாய் திறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசரடி மாணவன்:

அக்கா, 3:28-க்கு முன்னால் கலாத்தியர் 2-ஐ மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். அந்தியோகியாவில் யூதரான பேதுரு, யூதரல்லாத புறஜாதிக்காரரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொள்கிறார். அங்கே அவர் எழுதுகிற வார்த்தை 'சுவிசேஷத்தின் சத்தியம்'. உபதேசத்தில் பேதுரு ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதிலேயே சுவிசேஷம் பொய்யாகிவிடும் என்று பவுல் நினைத்தார்.

மதுரை அரசரடியில் எங்கள் இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், இதைத்தான் 'ஒரு உலை' என்றார். அவரவர் வீட்டு அரிசி ஒரே உலையில் விழுந்து, எல்லாரும் அதிலிருந்தே சாப்பிடுவது. திருவிருந்தை அவர் அப்படிப் பார்த்தார். சபைக்குள் பறை வந்ததில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

சண்டையும் புதிதல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எத்தனையோ பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடவில்லை.

செங்கல்பட்டுக்காரி:

நான் அந்தக் கட்டத்தின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்ததும் சாதி போய்விட்டது என்பது அரசாங்கக் கணக்கு. சபைப் படிவத்தில் மட்டும் அது போகாமல் இருக்கிறது. என் தாத்தாவின் கல்லறை, சபைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

ஆனாலும் நான் சபைக்குப் போகிறேன் அக்கா. 'தரித்திரருக்குச் சுவிசேஷம்' என்று இயேசு சொன்னது எங்களுக்காக. அதை எவருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்துவர எனக்கு மனசில்லை. உங்கள் மகள் கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இந்த இருபது வருஷத்தில் எங்கள் ஆட்கள் வீட்டில் ஒருநாளாவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

தாம்பரம் டீச்சர்:

இல்லை.

ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டார். அதைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதே வார்த்தையை என்னைப் பார்த்துக் கேட்க ஆள் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

'பிரிவு' கட்டத்தில் கோடு போட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படிக் கொடுத்தா வரன் வராதே டீச்சர்" என்றார்கள். வீட்டுக்காரருக்கு இன்னும் கோபம். கலாத்தியர் 2-ஐ மகளோடு வாசித்தேன். பேதுரு விலகின இடத்தில் நிறுத்தி, "பவுல் கேட்டப்புறம் அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தாராம்மா?" என்றாள். அந்த நிருபத்தில் அது எழுதியில்லை.

செங்கல்பட்டு அக்கா, நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வரலாமா? மின்சார ரயிலில் வந்துவிடுவோம்.

செங்கல்பட்டுக்காரி:

வாங்க. மதியச் சாப்பாடு இங்கேதான். மீன் சாப்பிடுவீங்கல்ல?