கிறிஸ்துமஸுக்குக் கோதுமை இல்லாத கிரீம் பிஸ்கட்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை அத்தை:

என் அண்ணன் மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி மால்ட் கலந்த பானங்கள் எதுவும் அவளுக்கு ஆகாது. இவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவளுடைய சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். "ஒரு துண்டு தின்னா என்ன ஆயிடப் போகுது" என்று ஊட்டிவிட வருகிற பெரியவர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்த ஒரு துண்டே கெடுதல்தான். இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

டிசம்பர் வந்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கல்கல், அச்சு முறுக்கு, கேக். அச்சு முறுக்கை முழுக்க அரிசி மாவிலேயே செய்துவிடலாம். ஆனால் பிள்ளைக்கு ஆசை கிரீம் பிஸ்கட் மேல். இரண்டாகப் பிரித்து, நடுவில் உள்ளதை முதலில் நக்கிவிட்டு, அப்புறம் பிஸ்கட்டைக் கடிக்கிற சுகம் அச்சு முறுக்கில் எங்கே வரும்? "அத்தை, எல்லாரும் சாப்பிடறதையே நானும் சாப்பிடணும்" என்றாள். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தனி டப்பா, மற்றவர்களுக்கு மைதா பிஸ்கட் என்று பிரிக்காமல், வீட்டுக்கே ஒரே பிஸ்கட். பூசை முடிந்து வருகிற சித்தப்பாவுக்கும் ஆயாவுக்கும் அதுதான், பக்கத்து வீட்டுக்குப் போகிற தட்டிலும் அதுதான். பிள்ளையின் மனசு ஒரு காரணம். இன்னொன்று, அடுப்படியில் மைதாவைக் கொட்டினால் அது பறந்து எங்கே வேண்டுமானாலும் உட்காரும். ஒரே மேடையில் இரண்டு மாவும் பிசைந்துவிட்டு அவளுக்கு நம்பிக் கொடுக்க முடியாது.

சொல்லப்போனால் பிஸ்கட் சுடுவது சின்ன வேலை. கோதுமையை வெளியே நிறுத்துவதுதான் பெரிய வேலை. அரிசி மாவுதானே, மிஷினில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். அது மிஷினுக்குள் ஒட்டிக்கொண்டிருந்து நம் அரிசியோடு இறங்கும். அதனால் பச்சரிசியைக் கழுவி, ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்து, வெறும் சட்டியில் ஈரம் போகச் சூடுகாட்டிக்கொள்கிறேன். கேழ்வரகையும் வீட்டில்தான் அரைக்கிறேன். சல்லடை இதற்கென்றே புதிதாக வாங்கியது. சப்பாத்திக் கட்டையை எடுப்பதே இல்லை, மரத்தின் இடுக்கில் போன மாவு கழுவினாலும் போகாது. கழுவித் துடைத்த கண்ணாடி பாட்டிலால் தேய்த்துவிடலாம்.

அளவு: அரிசி மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 130 கிராம், வீட்டில் பொடித்த சர்க்கரை 80 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு டீஸ்பூன் இசப்கோல் (மருந்துக் கடையில் கிடைக்கிற விதை உமி), ஒரு சிட்டிகை உப்பு. இசப்கோல் எதற்கு என்று கேட்பீர்கள். மைதா மாவை உதிராமல் பிடித்து நிறுத்துவது அந்தக் குளூட்டன்தான். அது இல்லாத மாவு கையில் எடுத்ததும் பிளந்துபோகும். இசப்கோல் ஈரத்தை இழுத்துக் கொழகொழப்பாகி அந்த வேலையைப் பார்க்கிறது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மஞ்சள் கருவைச் சேர்த்து, மற்றதெல்லாம் கலந்து பிசைந்து, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். அந்த நேரத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அவசரப்பட்டால் பிஸ்கட் பல்லில் நறநறக்கும். அப்புறம் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, சின்ன மூடியால் வெட்டி, ஓரத்து மாவை எடுத்துவிட்டு, பேப்பரோடு தட்டுக்கு மாற்றுங்கள். ஓ.டி.ஜி.யில் (சின்ன மின்சார அவன்) 170 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்தால் போதும். சூட்டில் தொட்டால் உடைந்துவிடும், தட்டிலேயே ஆறட்டும்.

நடுவில் வைப்பதற்கு 60 கிராம் வெண்ணெயில் 120 கிராம் பொடித்த சர்க்கரை, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி. கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இந்தக் காற்றில் எதுவும் மொறுமொறுப்பாக நிற்காது. பிஸ்கட்டை முன்கூட்டியே சுட்டு இறுக மூடிய டப்பாவில் வைத்துக்கொண்டு, கிரீமைச் சாப்பிடுகிற அன்றைக்குத்தான் தடவ வேண்டும். கேழ்வரகு சேர்ப்பதால் நிறம் சாக்லேட் பிஸ்கட் பக்கம் போகிறது. எங்கள் ஆயா அதைச் சாக்லேட் என்றே நம்பிச் சாப்பிட்டார்.

உங்கள் வீடுகளில் எப்படி என்று சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:

கிரீம் உருகுகிற தொல்லையே வேண்டாம் என்றால் கொய்யா சீஸ் வையுங்கள். எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியன் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் செய்வார்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் எனக்குக் கைப்பக்குவம் சொல்லித் தந்தார். பெயரில்தான் சீஸ், உள்ளே சீஸ் கிடையாது. நன்றாகப் பழுத்த கொய்யாவை வேகவைத்து, விதை போக வடித்து, கூழின் எடைக்குச் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, ஒரு துண்டு வெண்ணெய் போட்டுக் கிளற வேண்டும். சட்டியை விட்டுத் திரண்டு வந்ததும் தட்டில் கொட்டிப் பரப்பி, இளஞ்சூட்டில் பிஸ்கட் அளவுக்கு வட்டமாக வெட்டி நடுவில் வைத்தால் சரி. கோதுமை எந்த வழியிலும் வராது. கிளறும்போது தெறிக்கும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணலி அப்பா:

என் மகனுக்கும் இதேதான். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றதும் தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனையும் குடல் சதைப் பரிசோதனையும் சரியாகக் காட்டும் என்று எங்கள் டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, பெருங்காயம். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கிறது. டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும். பிஸ்கட்டைப் பார்த்துப் பார்த்துச் சுட்டுவிட்டு முறுக்கில் அதைப் போட்டால் என்ன பயன்? கடை மாவு வாங்குபவர்கள் 'குளூட்டன் இல்லை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டு விதிப்படி அப்படி எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. வெறும் 'அரிசி மாவு' என்று மட்டும் எழுதிய பாக்கெட்டுக்கு அந்த உறுதி கிடையாது.

ராயப்பர் கோயில் தெரு:

ஒரு பேக்கரியில் கோதுமை இல்லாத பிஸ்கட் என்று கேட்டேன். தம்பி சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்தார், ஆனால் மைதா கேக் எடுத்த அதே இடுக்கியால். அவரைக் கோபிக்கத் தோன்றவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நின்று விளக்கினேன், கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிஸ்கட்டை வாங்காமல்தான் வந்தேன்.

பூசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை. பூசையில் சாமியார் கொடுக்கிற நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என்று 2017இல் வத்திக்கான் கடிதம் திரும்பவும் உறுதி செய்தது. அந்தக் குறைந்த அளவும் ஆகாதவர்கள் திராட்சை இரசம் மட்டும் வாங்கலாம். எங்கள் பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். அப்பத்துண்டு போடாத தனிக் கிண்ணத்தில் என் மகளுக்குக் கொடுக்கிறார். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சௌகார்பேட்டை மருமகள்:

அத்தை, எங்கள் மாடியில் இருப்பவர்கள் முட்டை சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்கும் தட்டு அனுப்ப ஆசை. மஞ்சள் கருவுக்குப் பதில் என்ன போடலாம்?

தண்டையார்பேட்டை அத்தை:

குளிர்ந்த பால் ஒன்றரை டேபிள்ஸ்பூன் போடும்மா. ஒரேயடியாக ஊற்றாமல், மாவு சேரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. மாவு சற்று உதிரியாகத்தான் இருக்கும், அதனால் 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து இரண்டு நிமிடம் கூடுதலாக விடு. பெரம்பூர்க்காரர் சொன்ன கொய்யாவை நடுவில் வைத்தால் அவர்களுக்கும் ஆகும். கொய்யா நன்றாகக் கிடைக்கிற நேரம்தான் இது, இந்த வாரமே கிளறி வைத்துவிடு.