ரீஜெனரேஷனுக்கு ‘மீளுருவாக்கம்’ வேண்டாம்: கரி களைதல், ஊக்கமீட்சி

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைச் சொற்பட்டியலில் ‘ரீஜெனரேஷன்’ என்பதற்கு நேரே ‘மீளுருவாக்கம்’ என்று போட்டிருக்கிறீர்கள். வேதிவினையை விரைவாக்கும் பொருளான வினையூக்கி (சுருக்கமாக ஊக்கி) கரி படிந்து சோர்ந்துபோனால், அதை மறுபடி வேலைக்குத் தகுதியாக்குவதுதான் ரீஜெனரேஷன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்கு இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். எண்ணெயைப் பிளக்கும் பிரிவிலிருந்து இரண்டு புட்டிகளில் வினையூக்கி மாதிரி வரும். ஒன்றில் கரும்பொடி, விறகடுப்புக்கு மேலே சுவரில் படிந்த புகைக்கரியின் நிறம். இன்னொன்றில் வெளிறிய பொடி, கோலமாவில் கொஞ்சம் திருநீறு கலந்ததுபோல. இரண்டும் ஒரே பொடிதான். எரிகலனுக்குள் போகுமுன் எடுத்தது கறுப்பு, வெளியே வந்தபின் எடுத்தது வெளுப்பு. கறுப்புப் பொடியைப் பீங்கான் மூசையில் எடுத்து, எடை பார்த்து, காற்றுப் புழங்கும் உலைக்குள் வைப்போம். எடுத்து ஆறவைத்தால் கறுப்பு போயிருக்கும், எடை நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கும். விரல்களுக்கிடையே தேய்த்தால் அதே நறநறப்பு, நுண்ணோக்கியில் வைத்தால் அதே குட்டி உருண்டைகள். புதிதாக ஒன்றும் உருவாகவில்லை. மேலே ஒட்டிக்கொண்டது போயிற்று, அவ்வளவுதான்.

‘மீளுருவாக்கம்’ என்ற சொல்லில் எனக்குள்ள குறை இதிலிருந்தே தொடங்குகிறது. உரு போனால்தானே மீண்டும் உருவாக்க வேண்டும்? பல்லிக்கு வால் போய்ப் புதுவால் முளைக்கிறது. அதற்கு நம் விலங்கியல் பாடநூல்களில் ‘இழப்பு மீட்டல்’ என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே வால் போகவே இல்லை. வாலில் சேறு அப்பியிருக்கிறது.

இந்தப் பிரிவில் நடப்பதைப் பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனமான எண்ணெயின் நீண்ட கார்பன் சங்கிலிகளைப் பெட்ரோல் அளவுக்குச் சின்னதாகப் பிளக்க வேண்டும். நுண்துளைகள் நிறைந்த கனிமமான ஜியோலைட் கலந்த பொடிதான் ஊக்கி. பொடியின் மணி ஒன்றின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். ஜியோலைட்டின் நுண்துளை வாசல் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 530 டிகிரி சூட்டில், செங்குத்தான ஒரு குழாய்க்குள், எண்ணெய் ஆவியும் பொடியும் சேர்ந்து மேலே பாய்கின்றன. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள்ளேயே பொடியின் மேலும் துளைகளுக்குள்ளும் கரி படிந்து, பிளப்பு நடக்கும் அமிலத் தன்மையுள்ள இடங்களை மூடிவிடுகிறது. ஊக்கி வேலைக்கு ஆகாது. உடனே அதை இன்னொரு கலனுக்கு அனுப்பி, காற்றை ஊதி, சுமார் 700 டிகிரியில் கரியை எரித்துவிடுகிறார்கள். எரியும்போது எழுகிற சூட்டைப் பொடியே சுமந்துகொண்டு குழாய்க்குத் திரும்புகிறது. எண்ணெயைப் பிளப்பதற்கு வேண்டிய வெப்பம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஐந்து முதல் எட்டுக் கிலோ பொடி சுற்ற வேண்டும். பொடியின் ஒவ்வொரு மணியும் ஒரு நாளில் நூறு தடவைக்கு மேல் கறுத்து, நூறு தடவைக்கு மேல் வெளுக்கிறது.

இந்தத் தொழிலின் வரலாறே அந்தக் கரியை என்ன செய்வது என்ற கேள்விதான். 1915 வாக்கில் அமெரிக்காவில் அல்மர் மெக்அஃபி என்பவர் அலுமினியம் குளோரைடை வைத்து எண்ணெயைப் பிளந்தார். பிளப்பு நன்றாகவே நடந்தது. ஆனால் ஊக்கி தார்க்கசடோடு கலந்துபோய், கட்டுப்படியாகும் செலவில் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அப்புறம் வந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஹூட்ரி. அமிலத்தில் பதப்படுத்திய களிமண்ணை ஊக்கியாக வைத்தார். அதிலும் கரி படிந்தது. அவர் அந்த மண்ணை வீசிவிடாமல், காற்றை விட்டுக் கரியை எரித்து, அதே மண்ணில் மறுபடி எண்ணெயை விட்டார். 1936-இல் நியூஜெர்சியின் பால்ஸ்பரோவிலும், 1937-இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கிலும் அவர் முறை ஆலையளவில் ஓடத் தொடங்கியது. அதில் ஊக்கி அசையாமல் படுகையாகக் கிடக்கும். கொஞ்ச நேரம் எண்ணெய், கொஞ்ச நேரம் காற்று என்று வால்வுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1942 மே மாதம் லூசியானாவின் பேட்டன் ரூஜில் பொடியையே காற்றில் பாயவிட்டுச் சுற்றவைக்கும் முதல் ஆலை ஓடியபோது அந்தத் தொல்லையும் தீர்ந்தது. ஹூட்ரி செய்ததன் உயிர்நாடி மண்ணும் அல்ல, கலனும் அல்ல, கரியை எரித்து அதே ஊக்கியை மறுபடி ஓட்டியதுதான். அதற்கு நாம் வைக்கும் சொல் மங்கலாக இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சரி, என்ன சொல் வைப்பது? முதலில் என் மனதுக்கு வந்தது ‘கரி களைதல்’. அரிசி களைகிறோம். தூசும் மாவும் நீரோடு போகின்றன, அரிசி அரிசியாகவே இருக்கிறது. கலனுக்குள் நடப்பதும் அச்சு அசலாக இதுவேதான், நீருக்குப் பதில் காற்றும் தீயும். எதை நீக்குகிறோம் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. இதற்கு எதிர்ச்செயல் ‘கரியேறுதல்’. துருவேறுதல், பாசியேறுதல் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது தடுக்காது. கோக் என்பதற்குப் பாடநூல்களில் உள்ள ‘கற்கரி’யை இங்கே தவிர்க்கலாம். அது உருக்காலைக்குப் போகும் கல் போன்ற கட்டி. நாம் பேசுவது மணியின் மேல் படியும் மெல்லிய படலம், அதற்கு வெறும் ‘கரி’ போதும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சென்ற வாரம் ஒருவர் வேலை தீர்ந்த ஊக்கியைக் ‘களைத்த ஊக்கி’ என்று எழுதியிருந்தார். அழகான சொல். ஓடி ஓடிக் களைத்தது என்பது கண்முன் நிற்கிறது. ஆனால் சுத்தமாகி வந்தது ‘களைந்த ஊக்கி’ என்றால், களைத்ததற்கும் களைந்ததற்கும் நடுவே ஒரே ஒரு மெய்யெழுத்துதான். ஒன்று கறுப்பு, மற்றது வெளுப்பு. மாதிரிப் புட்டியில் ஒட்டும் சீட்டில் அந்த எழுத்து மாறினால், வேறு பொடியின் கணக்கை வைத்துக்கொண்டு காற்றின் அளவை மாற்றுவார்கள். ஆகவே ‘களைத்த’ என்பதை விட்டுவிடுவோம். கரியேறிய ஊக்கி, கரி நீங்கிய ஊக்கி. சொல்லும்போதும் குழப்பம் வராது.

‘புடமிடுதல்’ என்று சொல்லலாமே என்று கேட்ட ஐயாவுக்கு: எனக்கும் ஆசைதான். புடம்போட்ட தங்கம் என்கிற வழக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் சித்த மருத்துவத்தில் புடம் என்றால் சரக்கை அகலில் வைத்து மூடி, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கித் தீ வைப்பது. சரக்கே மாறிப் பற்பமாகிறது. இங்கே காற்று நன்றாக உள்ளே போக வேண்டும், சரக்கு மாறவே கூடாது. புடத்தை அதன் சொந்தத் துறைக்கே விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து அனுப்பப் போகும் நேரத்தில் கந்தக நீக்கப் பிரிவு நினைவுக்கு வந்தது. கரி களைதல் அங்கே முழுதாகப் பொருந்தவில்லை.

டீசலிலிருந்து கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜனோடு சேர்த்து ஒரு படுகைக்குள் விடுகிறார்கள். அலுமினாவின் (அலுமினியம் ஆக்சைடின்) மேல் கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய ஊக்கி. கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் பிரிந்துவிடும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் ஒரு கிலோ டீசலில் 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பதால், இப்போது ஆலைகளில் இந்தப் பிரிவுக்கு ஓய்வே கிடையாது. இந்த ஊக்கியிலும் நாளாக ஆகக் கரி ஏறும். ஆனால் இது ஆக்சைடாக இருந்தால் வேலை செய்யாது, சல்பைடாக இருக்க வேண்டும். கரியை எரிக்கும்போது சல்பைடு ஆக்சைடாகிவிடுகிறது. ஆகவே எரித்தபின் மறுபடி கந்தகம் ஏற்ற வேண்டும். கரி போனது மட்டும் போதாது.

பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் ரிஃபார்மிங் பிரிவில் இன்னும் கூடுதல் வேலை. அங்கே ஊக்கி பிளாட்டினம். 1949-இல் அமெரிக்க வேதிப் பொறியாளர் விளாதிமிர் ஹென்செல் அதை ஆலைக்குக் கொண்டுவந்தபோது, இவ்வளவு விலையுயர்ந்த உலோகத்தைப் பெட்ரோலுக்காகப் பயன்படுத்துவதா என்று பலர் தயங்கினார்கள். அலுமினாவின் மேல் மிக மிகச் சிறிய துகள்களாகப் பரவியிருக்கும் பிளாட்டினம், சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டுவிடும். மோரில் வெண்ணெய் திரள்வதுபோலத்தான், ஆனால் இங்கே திரண்டால் நட்டம். கரியை எரித்தபின், குளோரினும் ஆக்சிஜனும் விட்டு அந்தத் திரளைக் கலைத்து மறுபடி பரப்புகிறார்கள். உரு போகவே இல்லை என்று மேலே நான் சொன்னது இந்த இடத்தில் செல்லாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

எனவே இரண்டு சொற்கள் வேண்டும். எரிக்கும் படிக்குக் ‘கரி களைதல்’. கரி களைந்து, கந்தகமோ குளோரினோ ஏற்றி, பழைய வேகத்துக்குக் கொண்டுவரும் முழுச் செயலுக்கும் ‘ஊக்கமீட்சி’. ‘ஊக்கி மீட்பு’ என்று எழுதிவிடாதீர்கள். புகையோடு பறந்துபோகும் பொடியைப் பிடிப்பதற்கும், கழித்துப்போட்ட ஊக்கியிலிருந்து பிளாட்டினத்தைப் பிரித்தெடுப்பதற்கும் அந்தச் சொல் தேவைப்படும். அங்கே மீள்வது பொருள், இங்கே மீள்வது அதன் ஊக்கம். கரியை எரிக்கும் கலனான ரீஜெனரேட்டர் ‘மீட்சிக்கலன்’ ஆகட்டும்.

‘வினையூக்கி’யா ‘ஊக்கி’யா என்பதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதுபோல இலங்கைப் பாடநூல்களில் ‘ஊக்கி’ நெடுநாளாக நிலைத்த சொல். தமிழ்நாட்டில் பழைய நூல்களில் ‘வினைவேக மாற்றி’ என்று படித்தவர்கள்கூட இப்போது ‘வினையூக்கி’க்கு வந்துவிட்டார்கள். தனியாக நிற்கும்போது வினையூக்கி, கூட்டுச்சொல்லில் ஊக்கி. இரண்டு கரையிலும் புரியும்.

பட்டியலில் இன்னொரு பதிவையும் திருத்த வேண்டும். ஊக்கியைக் கெடுக்கும் எல்லாவற்றையும் ‘வினையூக்கி நச்சு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடைத்திருக்கிறீர்கள். இலக்கணப்படி பெயர்ச்சொல் நஞ்சு, அடையாக வரும்போதுதான் நச்சு. அதனால் ‘ஊக்கி நஞ்சு’ என்பதே சரி. அதைவிடப் பெரிய விஷயம், கரி நஞ்சு அல்ல. தீயில் போய்விடுகிறது. கந்தகம் பிளாட்டினத்துக்கு நஞ்சு, அதனால் பெட்ரோலாக மாறவிருக்கும் இலேசான எண்ணெயான நாப்தாவில் அதை ஏறத்தாழ அறவே நீக்கியபின்தான் ரிஃபார்மிங் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். அதே கந்தகம் கோபால்ட்–மாலிப்டினத்துக்கு உணவு. எந்த ஊக்கிக்கு நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விளக்கம் முழுமையாகும். வனேடியம் செய்வது இன்னொரு வகை. கச்சா எண்ணெயோடு வந்து பொடியில் படிந்து, மீட்சிக்கலனின் சூட்டிலும் நீராவியிலும் ஜியோலைட்டின் கட்டமைப்பையே இடித்துவிடுகிறது. எத்தனை தடவை எரித்தாலும் அது திரும்பாது. அதற்கு ‘உருக்குலைவு’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது. கரியேறுதல், நஞ்சேறுதல், திரளுதல், உருக்குலைதல் ஆகிய நான்கையும் தனித்தனிப் பதிவாக வையுங்கள். ஊக்கி ஏன் சோர்ந்தது என்று அறிக்கை எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது இந்தப் பிரிவினைதான், ஏனென்றால் செய்ய வேண்டிய வைத்தியம் நான்குக்கும் வேறு வேறு.

மணலி ஆலையும் இலங்கையின் சபுகஸ்கந்த ஆலையும் 1969-இல் ஓடத் தொடங்கியவை. அன்றிலிருந்து தமிழ் பேசுகிற கைகள் இந்தக் கலன்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. ‘கேட்டலிஸ்ட் கறுத்துப்போச்சு, ஏரைக் கூட்டு’ (ஊக்கி கறுத்துவிட்டது, காற்றைக் கூட்டு) என்பது நான் காதால் கேட்ட பேச்சு. அந்தப் பேச்சில் கறுப்பதும் வெளுப்பதும் ஏற்கெனவே தமிழில்தான் இருக்கின்றன. அதை ஒட்டிச் சொல் வைத்தால் ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாக ஸ்ட்ரிப்பர். கரியேறிய பொடி மீட்சிக்கலனுக்குப் போகுமுன், மணிகளுக்கிடையே சிக்கியிருக்கும் எண்ணெய் ஆவியை நீராவி விட்டு வெளியேற்றும் இடம். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் நல்ல எண்ணெய் வீணாக எரிந்து, கலனின் சூடும் எகிறும். பட்டியலில் ‘உரிப்பான்’ என்றிருக்கிறது. ஆனால் தோல் எதையும் உரிக்கவில்லை. சோப்புப் போட்ட துணியை நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பதுபோன்ற வேலை இது. ‘நீராவி அலசல்’ என்று வைக்கலாமா? கலனுக்கு ‘அலசுகலன்’. செய்தித்தாள்களின் ‘அலசல்’ நினைவுக்கு வருமே என்று யாராவது சொல்லக்கூடும், ஆனால் முன்னால் நீராவி நிற்பதால் எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. வடிகட்டும் பிரிவிலும் ஸ்ட்ரிப்பர் உண்டு. அங்கே பொடி கிடையாது, எண்ணெயிலிருந்தே இலேசான பகுதிகளை நீராவி கொண்டுபோகிறது. அங்கும் இதே சொல் பொருந்துமா என்பதை அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.